டவர் இல்லாமல் வயலுக்கு வயல் சேதி

கண்மாய் மடை திறந்தா, முதல் வயல்காரர் அடுத்தவருக்குக் குரல் கொடுப்பார், அவர் அதற்கடுத்தவருக்கு. கடைமடை வரைக்கும் சேதி போயிடும். 'அட் ஹாக் நெட்வொர்க்' என்கிற கம்பியில்லா வலையமைப்பும் இதே சங்கதிதான்.

நம்ம செல்போன் அப்படியில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டாலும் பேச்சு டவருக்குப் போய்த்தான் திரும்பும். டவர் படுத்தா எல்லாமே படுத்தது. அட் ஹாக் முறையில் டவரே கிடையாது. ஒவ்வொரு கருவியும் தன் சேதியைச் சொல்லும், அடுத்ததன் சேதியையும் வாங்கிக் கடத்தும். நடுவில் ஒன்று பழுதானால், எட்டும் தூரத்தில் வேறு கருவி இருக்கிறவரை மாற்றுவழியைத் தானே தேடிக்கொள்ளும். 1970களில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சியில் வளர்ந்த யோசனை இது.

விவசாயத்துக்கு இது நம் நாட்டிலேயே வந்து பார்த்தாச்சு. கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டம் பாவகடா, மழையை நம்பி நிலக்கடலை போடும் வறண்ட பகுதி. இருபது வருஷத்துக்கு முன்பு பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அங்கே சென்னகேசவபுரம் கிராமத்தில் மண் ஈரம், வெப்பம் அளக்கும் சிறு கருவிகளை வயலில் நட்டு இப்படிக் கோத்தார்கள். உழவர்களுக்கு என்ன தகவல் தேவை என்றும் அவர்களிடமே கேட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

நமக்கு என்ன பயன்? மூடாக்கு போட்ட பாத்தியில் எத்தனை நாள் ஈரம் நிற்குது, வெறும் பாத்தியில் எத்தனை நாள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மோட்டாரை எப்போ போடணும்னு முடிவு பண்ண அது உதவும்.

ஆனா சில விஷயம் தெரிஞ்சிக்கணும். தூரம் இரட்டிப்பானால், வெட்டவெளியிலேயே நாலு மடங்கு சக்தி வேணும். அதனால்தான் ஒரே தாவாகத் தாவாமல் சின்னச் சின்னத் தாவலாகப் போவது லாபம். ஈர இலை அலையை உறிஞ்சும். அடர்ந்த மாந்தோப்பில் எட்டும் தூரம் குறையும். கடைசியில் சேதியைச் சேகரிக்கும் பெட்டிக்குப் பக்கத்துக் கருவி எல்லார் சுமையையும் தூக்குவதால், அதன் பேட்டரிதான் முதலில் தீரும்.

இத்தனை வருஷம் பேங்கில் கடன் விண்ணப்பம் பார்த்தவன் என்கிற முறையில் சொல்றேன். விற்க வருகிறவரிடம் நாலு கேள்வி கேளுங்க:

1. ஒரு கருவி நின்னா மத்தது வேறு வழியில் பேசுமா?
2. பேட்டரி எத்தனை மாசம்? மாற்ற என்ன செலவு?
3. இன்டர்நெட் இல்லாட்டியும் வயலிலேயே அளவைப் பார்க்க முடியுமா?
4. என் வயல் தகவல் யார் கையில் இருக்கும்?

பதில் தெளிவா வந்தா, தனி ஆளாக வாங்காமல் ஒட்டிய நிலத்துக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு பருவம் மட்டும் சோதித்துப் பாருங்க. சேகரிக்கும் பெட்டி ஒன்றே எல்லாருக்கும் போதும், செலவும் பங்காகும்.