துகளைத் துடைத்தால் முகமும் போகும்

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்துவிட்டால் காரைக்கால் முழுக்கக் காரைக்கால் அம்மையாரான புனிதவதியின் கதைதான் பேச்சு. அந்தக் கதையை 1973இல் கே.பி. சுந்தராம்பாளை வைத்து ‘காரைக்கால் அம்மையார்’ என்று படமாக்கினார் ஏ.பி. நாகராஜன். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ அவர் கையிலிருந்து வந்ததும் அதே ஆண்டுதான். அந்தக் காலத்து வண்ணப் படங்கள் சில இப்போது ஓடிடியில் ‘4கே’ முத்திரையோடு வருகின்றன. திரையில் எத்தனை புள்ளிகள் என்பதை மட்டுமே அந்த முத்திரை சொல்லும்: 3840 × 2160, ஏறத்தாழ 83 லட்சம். எந்தச் சுருளிலிருந்து எடுத்தார்கள் என்பதைச் சொல்லாது.

விஷயமே அந்தச் சுருளில்தான் இருக்கிறது. கேமராவில் ஓடிய 35 மி.மீ. மூல நெகட்டிவ் நல்ல நிலையில் கிடைத்தால், 4கேயை நிரப்பும் அளவுக்கு அதில் விவரம் உண்டு. தியேட்டர் தியேட்டராக ஓடித் தேய்ந்த பிரின்ட்தான் மிச்சம் என்றால், அதில் இல்லாததை எந்த ஸ்கேனரும் கொண்டுவராது. நம் கடலோர வெக்கையும் ஈரமும் சுருளுக்கு எமன். அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கினால் டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறும். சுருள் சுருங்கி நெளிந்துவிடும். அக்கால வண்ணப் பிரின்ட்களில் நீலப்பச்சைச் சாயம் முந்திக்கொண்டு வெளுக்கும். வானம், வயல், முகம் எல்லாம் ஒரே ரோஸ் நிறமாகத் தெரிவது அதனால்தான்.

மீட்பவர்கள் சுருளைச் சுத்தம் செய்து, கிழிசலை ஒட்டி, ஒவ்வொரு ஃபிரேமாக ஸ்கேன் செய்கிறார்கள். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் இரண்டரை மணி நேரப் படத்துக்கு 2,16,000. ஒருவகை ஸ்கேனரில் சுருள் திரவத்தில் நனைந்தபடியே ஓடும். கீறலின் பள்ளத்தைத் திரவம் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறாது, கீறலும் தெரியாது. மிஞ்சிய அழுக்கை மென்பொருளும் மனிதக் கண்ணும் சேர்ந்து நீக்குகின்றன.

மென்பொருளை அளவுக்கு மீறி முடுக்கினால் தூசியோடு ஃபிலிமின் நுண்துகளும் போய்விடும். படமே அந்தத் துகள்களால் ஆனது. அவை போனால் நடிகையின் கன்னம் மெழுகுபொம்மைபோல வழவழக்கும், பட்டுப்புடவையின் இழை மங்கும். ஓடிடிக்கும் துகள் தொல்லைதான். ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் அதைச் சுருக்கி அனுப்புவது கடினம். ஏவி1 என்ற வீடியோ சுருக்க முறையில் துகளைத் தனியே பிரித்து, அதன் தன்மையை மட்டும் அனுப்பி, டிவியில் மறுபடி உருவாக்க முடிகிறது. வழித்துத் துடைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நல்ல மீட்புக்கு வெளிநாட்டை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. இயக்குநர் அரவிந்தனின் மலையாளப் படமான ‘தம்ப்’ (1978) மூல நெகட்டிவ் இல்லாத படம். சென்னை பிரசாத் ஃபிலிம் கூடமும் இத்தாலியின் போலோன்யா நகர மீட்புக் கூடமும் சேர்ந்து அதை மீட்டன. 2022இல் கான் விழாவில் திரையிட்டார்கள்.

அடுத்த முறை பழைய படம் பார்க்கும்போது தலைமுடியையும் புடவைக் கரையையும் கவனியுங்கள்; துகளை வழித்துத் துடைத்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். மூடிக்கிடக்கும் தியேட்டரின் ஆபரேட்டர் அறையில் சுருள் டப்பா கண்ணில் பட்டால் பழைய இரும்புக் கடைக்குப் போக விடாதீர்கள். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குத் தெரிவியுங்கள்.