இடம்பெயரும் கணினி: எது போகிறது, எது தங்குகிறது?

பூவரசங்குளத்தில் நான் தமிழ் படிப்பிக்கிறேன். போன தவணையில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, "சேர், புரொசெஸ் மைகிரேஷன் என்றதுக்குத் தமிழில என்ன எழுதுறது?" என்று கேட்டாள். 'புரொசெஸ்' என்பதற்கு நமது பாடநூல்களில் 'முறைவழி' என்ற சொல் இருக்கிறது. ஆகவே 'முறைவழி இடம்பெயர்வு' என்று எழுதச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் மனதை உறுத்தியது. வன்னியில் இடம்பெயர்வு என்றால் எந்தப் பிள்ளைக்கும் விளக்கம் தேவையில்லை. கணினிக்குள் அது என்ன பொருளில் வருகிறது? தேடி வாசித்ததை, என்னைப் போலக் கணினி படிக்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

சாதாரணக் கணினிகள் பலவற்றை வலையமைப்பால் இணைத்து ஒரே பெரிய கணினி போல வேலை வாங்குவதைக் 'கணினிக் கொத்து' என்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல்தான் முறைவழி. கொத்தில் ஒரு கணினி சுமை தாங்காமல் திணற, பக்கத்துக் கணினி சும்மா இருக்கக்கூடும். அப்போது பாதியில் இருக்கும் வேலையை நிறுத்தாமல் அடுத்த கணினிக்கு மாற்றுவதே முறைவழி இடம்பெயர்வு.

நான் திருத்தும் விடைத்தாள் கட்டை இன்னொரு ஆசிரியரிடம் கொடுப்பதென்றால், கட்டை மட்டும் கொடுத்தால் போதாது. எத்தனையாவது தாளில் நிற்கிறேன், எந்த வினா வரை பார்த்தேன், இதுவரை கூட்டிய புள்ளி எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முறைவழியும் அப்படித்தான். நிரலோடு அதன் நினைவகத்தில் இருப்பதும், அந்தக் கணத்தின் நிலையும் சேர்ந்து போகவேண்டும்.

ஜெரூசலம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் உருவான 'மொசிக்ஸ்' இதைச் செய்துகாட்டிய முன்னோடி. அதிலிருந்து 2002இல் 'ஓப்பன்மொசிக்ஸ்' என்ற திறந்தமூலத் திட்டம் கிளைத்தது. 2008இல் அது நிறுத்தப்பட்டது. அதன் வேலைமுறையில்தான் என் மனம் நின்றது. முறைவழி வேறு கணினிக்குப் போனாலும், அதன் பிரதிநிதி ஒன்று பிறந்த கணினியிலேயே தங்கிவிடும். கணக்குப் போடுவது புது இடத்தில். ஆனால், ஒரு கோப்பைத் திறப்பது போன்ற காரியங்களுக்குப் பெரும்பாலும் பழைய வீட்டுப் பிரதிநிதியைத்தான் கேட்கவேண்டும். பிறந்த கணினி நின்றுபோனால், தூரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முறைவழியும் நின்றுபோகும்.

இதை வாசித்தபோது எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்தது. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியபோது எனக்கு எட்டு வயது. விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களுக்குச் செய்ததை இடம்பெயர்வு என்று மென்மையாகச் சொல்லக்கூடாது, அது வெளியேற்றம் என்று நம்மவர்கள் வலியுறுத்துவது சரியே. ஆனால் அதற்குப் பின் வந்த வாழ்வுக்குக் கணினிக்காரர்களின் விளக்கம் அப்படியே பொருந்துகிறது. ஆள் புத்தளத்தில், பதிவு மன்னாரில். வாக்காளர் இடாப்பில் பெயர் மன்னாரிலேயே இருந்த எத்தனையோ பேர், தேர்தல் வந்தால் பஸ் ஏறி அங்கே போய் வாக்களித்தார்கள். காணிக் கடதாசி ஒவ்வொன்றுக்கும் வாப்பா மன்னாரைத்தான் கேட்கவேண்டியிருந்தது. பாதை மூடினால் காரியமும் நின்றது.

கணினித்துறை இந்தச் சிக்கலுக்குக் கண்ட இன்னொரு வழி, ஆளை மட்டும் அனுப்பாமல் வீட்டையே அனுப்புவது. 'மெய்நிகர் பொறி' என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் கட்டப்பட்ட இன்னொரு முழுக் கணினி. அதற்கென்று பணிசெயல் முறைமை, நினைவகம், வலையமைப்பு முகவரி எல்லாம் உண்டு. லினக்ஸில் உள்ள கேவிஎம் முறையில், தாங்கும் கணினியின் பார்வைக்கு அந்த முழுப் பொறியும் ஒரு முறைவழிதான். ஆனால் முறைவழி கேட்கிற பணிசெயல் முறைமை அதன் வயிற்றுக்குள்ளேயே இருப்பதால், பழைய வீட்டில் பிரதிநிதி தேவையில்லை.

ஓடும் பொறியை எப்படி நகர்த்துவது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நினைவகம் 4000 மெகாபைற், வலையமைப்பின் வேகம் செக்கனுக்கு 100 மெகாபைற் என்று வையுங்கள். முதற் சுற்றுப் பிரதிக்கு 40 செக்கன். அதற்குள் பொறி சும்மா இராது. செக்கனுக்கு 20 மெகாபைற் வீதம் மாற்றி எழுதினால் 800 மெகாபைற் பழசாகிவிடும். அதை மட்டும் மறுபடி அனுப்ப 8 செக்கன். அதற்குள் மாறியது 160 மெகாபைற். அடுத்து 32. இப்படி எச்சம் சிறுத்த பிறகு, பொறியை ஒரு கணம் நிறுத்தி, மிச்சத்தை அனுப்பி, புது இடத்தில் ஓடவிடுவார்கள். அதன் முகவரி இனி இந்தக் கணினியில்தான் என்று வலையமைப்புக்கும் அறிவிப்பார்கள். 2005இல் கேம்பிரிட்ஜ், கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆட்டக்காரர்கள் விளையாடிக்கொண்டிருந்த ஒரு கணினி விளையாட்டுச் சேவையகத்தையே இப்படி நகர்த்தினார்கள். இடைநிறுத்தம் ஏறக்குறைய 60 மில்லிசெக்கன்.

எழுதும் வேகம் அனுப்பும் வேகத்தை எட்டிவிட்டால் இந்தக் கணக்கு முடியாது. எச்சம் சிறுக்கவே சிறுக்காது. அப்போது பொறியின் வேகத்தைக் குறைக்கவோ, நீண்ட நேரம் நிறுத்தவோ வேண்டிவரும்.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலும் பொறியின் வன்தட்டு இடம்பெயர்வதில்லை. கொத்துக்குப் பொதுவான சேமிப்பகத்தில் அது இருக்கும். எந்தக் கணினிக்குப் போனாலும் பொறி அதையே பயன்படுத்தும். ஊர்க் கிணறு மாதிரி. வீடு எங்கே போனாலும் தண்ணீர் அந்தக் கிணற்றில்தான். கிணறு கெட்டால்? இடம்பெயர்வு பொறியைச் சுமையிலிருந்தும் திருத்த வேலையிலிருந்தும் காப்பாற்றும், தரவைக் காப்பாற்றாது. கெட்ட கோப்பு எங்கே போனாலும் கெட்ட கோப்புத்தான்.

இதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2023இல் இலங்கை அரசின் மேகக் கணிமைக் கட்டமைப்பை, தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்குரிய பிரதி வேறாக எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. கட்டமைப்பு எவ்வளவு நவீனமானாலும், தனியே எடுத்து வைத்த பிரதிதான் கடைசியில் கைகொடுக்கும்.

அடுத்த நாள் மாணவியிடம், "சொல் சரிதான் மகள். ஆனா இடம்பெயர்வு என்று எழுதுற இடமெல்லாம், எது கூடப் போகுது, எது பின்னால நிக்குது என்று கேள்" என்றேன். வீட்டுக்குப் போனதும் அதை என்னிடமே கேட்டுக்கொண்டேன். வாப்பாவின் காணி உறுதியும், எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய நிக்காஹ் பதிவுகளைப் படமெடுத்த கோப்புகளும் என் ஒரே மடிக்கணினியில்தான் கிடந்தன. இப்போது ஒரு பிரதி புத்தளத்தில் ராத்தாவின் வீட்டிலும் இருக்கிறது.