மதகைத் திறக்குமுன்

கல்லணையில் பிரிந்த நீர் கிளை வாய்க்கால்களில் இறங்கிக் கடைமடை வயலைச் சேர வேண்டுமாயின், மதகைத் திறப்பவர் அதற்கப்பால் வாய்க்காலும் கரையும் உண்டா என்று முதலில் பார்த்தாக வேண்டும் என்பது தஞ்சை விவசாயி நன்கறிந்த நியாயம். கணினி இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலுக்கும் அந்நியாயமே பிரமாணம்.

நினைவகத்தில் ஒரு தரவு வசிக்கும் முகவரியைத் தாங்குவது சுட்டி. எவ்விடத்தையும் சுட்டாதது வெற்றுச் சுட்டி. 1965இல் இதனை ஆல்கால் டபிள்யூ மொழியில் புகுத்திய டோனி ஹோர், பிற்காலத்தில் அதைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்று பச்சாத்தாபத்துடன் குறிப்பிட்டார். சாதாரண நிரல் வெற்றுச் சுட்டியைத் தொட்டால் அது மட்டும் மடியும். கெர்னல் தொட்டாலோ இயந்திரம் முழுவதுமே ஸ்தம்பிக்கக்கூடும்.

சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் இயங்குதளத்துக்கும் ஆதாரமான லினக்ஸ் கெர்னலில், 2009இல் ஒரு விபரீதம் வெளிப்பட்டது. 'டன்' என்னும் வலையமைப்பு இயக்கியில், சுட்டியின் வழியே ஒரு மதிப்பைப் படித்த பிறகே அது வெற்றோ என்று சோதித்திருந்தார்கள். முன்பே படித்தாயிற்றாகையால் அது வெற்றாயிருக்க முடியாது என அனுமானித்த, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர், அச்சோதனையையே அகற்றிவிட, வெற்றுச் சுட்டியின் மதிப்பாகிய பூஜ்ய முகவரியில் தன் தரவை வைத்துத் தாக்குபவன் கெர்னலின் அதிகாரத்தையே கைப்பற்ற மார்க்கம் பிறந்தது.

இதற்காகக் கண்ட இடமெல்லாம் சோதனையை நடுவதும் எனக்கு உவப்பன்று. சுட்டி வெற்றாகவே வரக்கூடாத இடத்தில் வைத்த சோதனை, மூலப் பிழையை மௌனமாக மூடிவிடும். டன் இயக்கியில் வரிகளின் வரிசையைத் திருத்தினார்கள்; இத்தகைய சோதனைகளை நீக்கலாகாதென்று கம்பைலருக்கு ஆணையிடும் விதியும் அவ்வாண்டிலேயே கெர்னலில் சேர்ந்தது.