வாய் மூடி இருப்பதெல்லாம் ஸப்ர் அல்ல

வீட்டில் வாக்குவாதம் வந்தால் நான் பேசமாட்டேன். மனைவி பேசப் பேச கையடக்கத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இல்லாவிட்டால் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவேன். இதை ஸப்ர் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் மகள் கேட்டாள்: "வாப்பா, உம்மாவோட எப்ப கதைக்கப் போறீங்க?" நான் கதைக்காமல் இருந்து அன்றோடு மூன்று நாள்.

ஆசிரியர் கலாசாலையில் பிள்ளைகளின் உளவியலைப் படித்தோம். கணவன் மனைவியைப் பற்றி யாரும் படிப்பிக்கவில்லை. அதனால் தேடி வாசித்தேன்.

அமெரிக்க உளவியலாளர்களான ஜோன் கொட்மனும் ரொபர்ட் லெவன்சனும் 1980களில் தம்பதியரை ஆய்வுகூடத்துக்கு அழைத்து, அவர்களுக்கிடையிலான ஒரு பிணக்கைப் பற்றி 15 நிமிடங்கள் பேச வைத்தார்கள். கமரா பதிவு செய்தது. உடலில் பொருத்திய கருவிகள் இதயத் துடிப்பை அளந்தன. 73 தம்பதியரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த ஆய்வின் முடிவு 1992இல் வெளியானது.

சண்டை வருவதால் மட்டும் குடும்பம் பிரிவதில்லை என்பதே அதன் சாரம். நிலைத்த தம்பதியரும் சண்டை பிடித்தார்கள். ஆனால் ஒரு கசப்பான வார்த்தைக்கு ஐந்து இதமான வார்த்தை, சிரிப்பு, தலையசைப்பு என்ற அளவில் அவர்களது பேச்சு இருந்தது. குடும்பத்தை அரிப்பவை நான்கு என்கிறார் கொட்மன்: குணத்தையே குறை சொல்வது, இழிவாகப் பேசுவது, எதற்கும் தன்னை நியாயப்படுத்துவது, சுவர்போல் வாய் மூடி இருந்துவிடுவது.

நான்காவது நான்தான். அப்படி இருப்பவர்களில் 85 வீதமானோர் ஆண்கள் என்றும் அவர் எழுதுகிறார்.

வெளியே அமைதியாகத் தெரிபவரின் இதயம் உள்ளே நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் துடிக்கலாம். அந்த நிலையில் எவர் சொல்வதும் காதில் ஏறாது. ஓர் ஆய்வில், கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிப் பேச்சை நிறுத்தி, தம்பதியரை அரை மணித்தியாலம் சஞ்சிகை வாசிக்கவிட்டார்கள். மீண்டும் பேசத் தொடங்கியபோது துடிப்பு இறங்கியிருந்தது. பேச்சும் பயனுள்ளதாக இருந்தது.

விவாகரத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற கொட்மனின் கூற்றை வேறு ஆய்வாளர்கள் விமர்சித்துள்ளார்கள். முடிவு தெரிந்த பிறகு அமைத்த சூத்திரம் அது என்பது அவர்களது வாதம். அடி உதை உள்ள வீட்டுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே முதலில் தேவை பாதுகாப்பு.

எனக்கு விளங்கியது இதுதான்: இடைவேளை எடுப்பது வேறு, முகம் திருப்புவது வேறு. இடைவேளைக்குத் திரும்பி வரும் நேரம் உண்டு. இப்போது, "இஷாவுக்குப் பிறகு கதைப்போம்" என்று சொல்லிவிட்டே எழும்புகிறேன். சொன்னபடி வந்து உட்காருவதுதான் கஷ்டம். சில நாட்களில் தவறியும் இருக்கிறேன். ஆனால் மகள் அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்கும் நிலை வரக்கூடாது.