கலா ஓயாவுக்கு அப்பால் ஓர் இரவு

வீட்டை விட்டுப் பெயர்ந்து மணலிலே இராத்தங்குவது உடப்பு மக்களுக்குப் புதிதன்று. தென்மேற்குக் காற்று மேற்குக் கரையைக் கலக்கும் மாதங்களிற் கரைவலைத் தொழிலாளர் பலர் கிழக்குக் கரையோரஞ் சென்று, வாடி அமைத்துத் தொழில் செய்யும் வழக்கமுண்டு. அரிசி எவ்வளவு, விறகு எவ்வளவு, நல்ல தண்ணீர் எங்கே என்னும் கணக்கெல்லாம் அவர்கள் அறிந்தவையே. ஆயினும், அதே ஊரிலிருந்து வடக்கே வில்பத்துக் கானகஞ் சென்று ஓரிரவு கூடாரத்தில் தங்க விரும்புவோர் வேறொரு கணக்கையும் பார்த்தாக வேண்டும். அஃது ஆற்றின் கணக்கு.

வில்பத்து 1938ஆம் ஆண்டில் தேசிய வனமாக்கப்பட்டது. மழைநீரால் நிறையும் ‘வில்லு’ என்னும் இயற்கைத் தடாகங்களே அதன் சிறப்பு. அதன் தெற்கெல்லை கலா ஓயா. உடப்பிலிருந்து செல்வோர் புத்தளம், வண்ணாத்திவில்லு வழியாக எழுவன்குளத்தை அடைந்து, அங்குள்ள தாழ்ந்த சப்பாத்துப் பாலத்தால் ஆற்றைக் கடப்பர்.

வானம் வெளுத்திருக்கிறது, இனி அச்சமில்லை என்று புறப்படுவது கடற்கரையார் இயல்பு. இங்கே அது பொருந்தாது. கலா ஓயா மாத்தளை, தம்புள்ளைப் பக்கத்து மேட்டுநிலங்களில் விழும் மழையைத் திரட்டிக்கொண்டு, ஐந்தாம் நூற்றாண்டிலே தாதுசேன மன்னன் கட்டிய கலாவாவியையும், அதற்குக் கீழே இராஜாங்கனை நீர்த்தேக்கத்தையுந் தாண்டி வருகிறது. அந்நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டால், உடப்பில் ஒரு துளியும் விழாத நாளிலேயே எழுவன்குளத்துப் பாலம் நீரில் மூழ்கலாம். எனவே கேட்டறிய வேண்டியது உடப்பு வானத்தையன்று. மேல்நாட்டு மழையையும் வான்கதவு பற்றிய அறிவித்தல்களையுமே. பாலத்தின் ஓரம் கண்ணுக்குத் தெரியாதபோது வண்டியை இறக்கலாகாது. முழங்காலளவு நீரும் ஓட்டமிருந்தால் வண்டியைத் தள்ளிவிடும்.

மே முதல் ஆகஸ்டு வரையான வறண்ட காலமே ஏற்றது. முகாமிடும் இடத்துக்கு வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே அனுமதி பெறல் வேண்டும்; நினைத்த இடத்திற் கூடாரமடிக்க முடியாது. நான்கு சில்லுகளும் இழுக்கும் ஜீப் வண்டி அவசியம். சில்லு மணலிற் புதைந்தால், விசையை மிதிப்பதைவிடக் காற்றைச் சிறிது குறைப்பதே பயன்தரும். ஆகையால் மீண்டும் காற்றடிக்கப் பம்பும் வேண்டும். உணவும் குடிநீரும் ஒரு நாளுக்கு மேலதிகமாக இருக்கட்டும். ஆறு வழிவிட மறுத்தால் அந்த மேலதிகமே காப்பாற்றும்.

உடப்புக்காரர் ஒன்றை மாத்திரம் மனம் நொந்தேனும் வீட்டில் விட்டுச்செல்லல் நன்று: கருவாடு. அதன் மணம் கரடிக்கும் எட்டும். பாலைப்பழக் காலத்திற் கரடிகள் பாலை மரங்களை நாடி வரும். அம்மரத்தடியிற் படுக்கை விரிப்பதுந் தகாது.

திரும்பும் நாளிலே வெயிலேறுமுன் ஆற்றங்கரைக்கு வந்துவிட வேண்டும். பாலம் மூழ்கியிருந்தால், வனத்துக்குள்ளே திரும்பிச் சென்று, ஹுனுவிலகம வாயிலால் வெளியேறி, அநுராதபுரம்–புத்தளம் நெடுஞ்சாலையிற் சேரலாம். அதற்கான எரிபொருளைப் புத்தளத்திலேயே நிரப்பிக்கொள்ளல் வேண்டும். அவ்வழியும் கலா ஓயாவைக் கடந்தே வருகிறது. 2025 நவம்பர் இறுதிப் பெருமழையில் கலா ஓயா வெள்ளத்திற் சிக்கிய பேருந்துப் பயணிகளைக் கடற்படையினர் மீட்க நேர்ந்தது. அத்தகைய நாட்களில் எந்தப் பாலத்தையும் நாடாது, வனக்காவலர் காட்டும் மேட்டிலே தங்கி, நீர் வடியும்வரை இன்னுமோர் இரவு கழிக்க வேண்டியதுதான்.