வங்காளத்தில் 'அவசரம்'

கொல்கத்தாவுக்குப் புதிதாகக் குடிவந்த தமிழர் ஒருவர், அலுவலகத்தில் ஒரு வேலையை உடனே முடித்துத் தரவேண்டி, 'அவசரம்' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். எதிரே இருக்கும் வங்காளி அன்பர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கொள்ளக்கூடும். 'ஒபொஷொர்' என்று அவர்கள் ஒலிக்கும் அதே சொல்லுக்கு ஓய்வு என்பது பொருள். பணியிலிருந்து ஓய்வு பெற்றவரை 'அவசரப் பிராப்தர்' என்றே வங்காளப் பத்திரிகைகள் எழுதுகின்றன. நமக்கோ அத்தொடர், பதற்றம் பிடித்த ஒரு மனிதரைத்தான் நினைவூட்டும்!

இச்சொல்லை இரு மொழியாரும் வடமொழியிலிருந்தே பெற்றனர். அங்கே இதற்குத் தக்க சமயம், வாய்ப்பு என்று பொருள். மலையாளத்தார் அப்பொருளை இன்றும் அப்படியே காத்து வருகின்றனர். தெலுங்கர்க்கு இது 'தேவை' ஆயிற்று. வாய்த்த சமயம் கைநழுவுமுன் காரியத்தை முடிக்க வேண்டும் என்று நாமும் கன்னடத்தாரும் எண்ணினோம் போலும். விரைவு என்ற பொருள் நம்மிடம் நிலைத்தது. வங்காளிகள், 'சமயம் கிடைத்ததே, சற்று இளைப்பாறுவோம்' என்று கொண்டனர். எவர் செய்தது அறிவுடைமை என்ற வழக்கை ஈண்டுத் தொடங்க வேண்டா.

வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கேற்ப ஆளுமாறு தொல்காப்பியர் நமக்கு விதி வகுத்தார். வங்காளிகளோ எழுத்தைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. ஒலியைத் தம் நாவுக்கேற்ப மாற்றிக்கொள்வர். பொருளுக்குத்தான் எவரும் வேலி போடவில்லை.

'ராகம்' என்பதைப் பாருங்கள். சாயம் ஏற்றுதல், சிவத்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் இது. இசையரங்கில் இருவர்க்கும் ஒன்றே. வீட்டுப் பேச்சில் மட்டும் வங்காளிக்கு 'ராக்' என்றால் கோபம், முகம் சிவப்பதல்லவா? நாம் மாலையில் கேட்கச் செல்லும் உபந்யாசம் அவர்களுக்கு நாவல். பங்கிம் சந்திரர் 1865-இல் வெளியிட்ட 'துர்கேச நந்தினி' ஓர் உபந்யாசமே.

இவையெல்லாம் நகைத்துவிட்டுப் போகத்தக்கவை. குழந்தைகள் செய்தி அத்தகையதன்று. பள்ளியில் 'சேஷ்டா' என்றால் முயற்சி. 'ஷிக்கா' என்றால் கல்வி. நம் இல்லங்களில் சேஷ்டை குறும்பு, சிட்சை தண்டனை. விடுமுறைக்குத் தஞ்சாவூர் சென்ற பேரனிடம் பாட்டி, 'சேஷ்டை செய்யாதே' என்கிறாள். 'முயலாதே' என்று அவன் செவியில் விழுந்தால் குற்றம் யாருடையது? இரு பொருளையும் பெற்றோர் முன்னரே சொல்லி வைத்தால், அக்குழந்தைக்கு இரண்டு மொழியும் சொந்தமாகும்.

பெரியவர்கள் தடுமாறும் சொல் 'அபிமானம்'. 'தங்கள்மீது எனக்கு மிகுந்த அபிமானம்' என்று வங்காள நண்பரிடம் சொன்னால், தாம் என்ன பிழை செய்தோம் என்று அவர் கலங்குவார். அன்புடையார் நம்மைப் பொருட்படுத்தவில்லையே என்று உள்ளே எழும் மனத்தாங்கலை அவர்கள் 'ஒபிமான்' என்பர். அயலாரிடம் அது தோன்றுவதில்லை. நம் ஊடல் தலைவன் தலைவியர்க்கே உரியது. இதுவோ தாயிடம் மகனும், நண்பனிடம் நண்பனும் கொள்வது. இதற்கு ஈடாக ஒரே தமிழ்ச் சொல் எனக்கு அகப்படவில்லை.

அடுத்த வீட்டு வங்காளி அன்பர் இரண்டு நாளாக முகங்கொடுத்துப் பேசவில்லையாயின், அது 'ராக்' என்று ஒதுங்கிவிடாதீர்கள். கதவைத் தட்டி, 'ஒபிமானா?' என்று கேட்டுப் பாருங்கள்.