பக்கத்துத் தோட்டாவும் வெடிக்குமா?

அலாஸ்காவில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் வேட்டைக் காலம். அமெரிக்காவின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் விமானம் ஏறி ஆங்கரேஜ் நகரத்தில் வந்து இறங்குகிறார்கள். கரடிகள் உலவும் காட்டில் நாள்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். அதனால் மூட்டை முடிச்சுகள் பெரியவை. ஆனால் அவற்றில் சில சாமான்கள் இருக்காது. சமையல் அடுப்புக்கான சின்ன கேஸ் குடுவை இருக்காது. கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரே இருக்காது. எந்தச் சொரசொரப்பில் உரசினாலும் பற்றிக்கொள்ளும் தீக்குச்சி இருக்காது. மூன்றுக்கும் பயணிகள் விமானத்தில் இடமில்லை. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு கடையில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் மட்டும் விமானத்தின் வயிற்றில் இடம் உண்டு. ஆளுக்கு ஐந்து கிலோ வரை தோட்டா கொண்டுபோகலாம்.

கரடியைக் கொல்லும் பொருளுக்கு அனுமதி, விரட்டும் பொருளுக்குத் தடை. முதலில் கேட்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். எனக்கு வேட்டையில் விருப்பமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனாலும் இந்த விமான விதிகளுக்குள் இருக்கும் அறிவியல் என்னை வியக்க வைக்கிறது. ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று அந்த விதிகள் கேட்பதே இல்லை. அவை கேட்பது வேறு: இது ஒன்று தற்செயலாக வெடித்தால், பக்கத்தில் இருப்பதும் வெடிக்குமா?

பதில் தோட்டாவின் உள்ளே இருக்கிறது. 1906-இல் வந்து இன்றும் அமெரிக்க வேட்டைக்காரர்கள் கைவிடாத ‘தேர்ட்டி-ஆட்-சிக்ஸ்’ என்ற தோட்டாவை எடுத்துக்கொள்வோம். பித்தளைக் கூடு. அதன் வாயில் செருகிய பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவான குண்டு. அடியில் பிரைமர் என்னும் சிறு கிண்ணம். அதில் அடித்தால் தீப்பொறி கக்கும் கலவை. நடுவில் மூன்று கிராம் சொச்சம் புகையில்லா வெடிமருந்து. துப்பாக்கியில் வைத்துச் சுட்டால் குண்டு வினாடிக்கு 880 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அதன் ஆற்றல் 3,700 ஜூலுக்கு மேல். குழலுக்குள் அந்த ஒரு நொடித் துணுக்கில் எழும் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 4,000 மடங்கு.

இதே தோட்டாவைத் துப்பாக்கிக்கு வெளியே, ஒரு மேசை மேல் கிடத்தி, எப்படியோ தீப்பிடிக்க வைத்தால்? பட்டென்று ஒரு சத்தம். பித்தளைக் கூடு கிழியும்; பிரைமர் கிண்ணம் தெறிக்கும்; பித்தளைச் சில்லு ஒன்றிரண்டு பறக்கும். குண்டு இருந்த இடத்திலிருந்து சற்றே நகரும், அவ்வளவுதான். குண்டைவிட வெகுவாகக் கனம் குறைந்த சில்லுகள்தான் அங்கே வேகம் எடுக்கின்றன. கண்ணில் பட்டால் காயம்தான். என்றாலும் கரடியை வீழ்த்தும் வேலை அங்கே நடக்காது.

காரணத்தைக் கண்டு சொன்னவர் பால் வியெய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் நனைத்துச் செய்யும் நைட்ரோசெல்லுலோஸ் 1846-இலேயே அறிமுகமாகிவிட்டது. ஆனால் அது துப்பாக்கிக் குழலையே பிளந்துவிடும் முரட்டுப் பொருள். வியெய் 1884-இல் அதை ஈதரும் ஆல்கஹாலும் சேர்த்துக் கூழாக்கி, தகடாகத் தட்டி, துண்டுகளாக நறுக்கினார். இப்போது அது மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, அடுக்கடுக்காக மட்டுமே எரிந்தது. புகையும் மிகக் குறைவு. எரியும் வேகம் அழுத்தத்தைப் பொறுத்தது என்பதையும் அவர் அளந்து காட்டினார். அந்த விதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அழுத்தம் ஏறினால் மருந்து வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் வாயு பெருகும். வாயு பெருகினால் அழுத்தம் மேலும் ஏறும். இந்தச் சுழல் ஓட வேண்டுமானால் சுற்றிலும் தடித்த எஃகுச் சுவர் வேண்டும். மெல்லிய பித்தளைக் கூட்டால் அந்த வேலை ஆகாது. அழுத்தம் சற்று ஏறியதுமே அது கிழிந்துவிடுகிறது, சுழல் அறுந்துபோகிறது. தீபாவளி மறுநாள் வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி, காகிதத்தைப் பிரித்து, மருந்தைக் கொட்டிப் பற்றவைத்த பிள்ளைகளுக்கு இது தெரியும். காதைப் பிளந்திருக்க வேண்டிய அதே மருந்து ‘புஸ்’ என்று எரிந்து முடிந்துவிடும் (கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு).

ஆக, துப்பாக்கியின் வலிமை தோட்டாவிலும் இல்லை, குழலிலும் இல்லை. இரண்டும் சேரும்போதுதான் அது பிறக்கிறது. விமான விதிகள் செய்வதெல்லாம் இந்த இரண்டையும் பிரித்து வைப்பதுதான். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கி கெட்டியான பெட்டிக்குள், பூட்டிய நிலையில், சரக்கறையில்தான் போக வேண்டும். அமெரிக்காவில் அந்தப் பூட்டின் சாவி பயணியிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது விதி. தோட்டாக்கள் அவற்றுக்கென்றே செய்த அட்டை, மரம், பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டியில் அடுக்கப்பட வேண்டும். பையில் உதிரியாகப் போட்டு எடுத்துப்போக முடியாது. பயணி இதையெல்லாம் கவுன்டரில் தாமே முன்வந்து சொல்லியாக வேண்டும்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. 2023-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில், கைப்பைகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அவற்றில் 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. குழலும் தோட்டாவும் சேர்ந்த நிலையில், பயணிகள் அமரும் இடத்துக்குப் போகவிருந்தவை. பூட்டிய பெட்டியோடு கவுன்டரில் வரிசையில் நிற்கும் வேட்டைக்காரரைப் பார்த்து யாரும் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது அந்த மறதிக்காரர்களைப் பார்த்துத்தான்.

தோட்டாப் பெட்டி தீயில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை யாரும் ஊகத்துக்கு விட்டுவிடவில்லை. ஐக்கிய நாடுகள் அமைப்பு வெடிபொருள்களை வகைப்படுத்த வகுத்துள்ள சோதனைகளில் ஒன்று, பெட்டிகளை அடுக்கிக் கீழே பெரிய தீ மூட்டுவது. நான்கு மீட்டர் தள்ளி மூன்று பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் தடிமன் அலுமினியத் தகடுகளை நிறுத்துகிறார்கள். தெறிப்பவை அந்தத் தகடுகளில் விட்டுச் செல்லும் வடுக்களே சாட்சி. பறக்கும் உலோகச் சில்லின் ஆற்றல் 8 ஜூலைத் தாண்டினால் அந்தப் பொருளுக்குப் பயணிகள் விமானத்தில் ஏற வழிவிடும் ‘1.4எஸ்’ என்ற தகுதி கிடைக்காது. குழலிலிருந்து 3,700 ஜூலோடு புறப்படும் பொருளுக்கு 8 ஜூல் எல்லை! சாதாரண வேட்டைத் தோட்டா இந்த எல்லைக்குள் தேறிவிடுகிறது. மொத்தமாக ஒரே அடியாக வெடிக்காமல், சோளம் பொரிவதுபோல் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வெடித்து முடிகிறது. பக்கத்திலிருப்பதைத் தூண்டும் அளவுக்கு எதுவும் ஓங்கி அடிப்பதில்லை.

வெடிமருந்தைக் கூட்டிலிருந்து பிரித்துத் தனியாக எடுத்துப்போக நினைத்தால் கதை மாறிவிடும். பழங்காலத்து வாய்வழித் துப்பாக்கியால் வேட்டையாடும் பிரியர்கள் அமெரிக்காவில் இன்னும் இருக்கிறார்கள். வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த கருமருந்துதான் அவர்களுக்கு வேண்டியது. அது பயணிகள் விமானத்தில் ஒரு சிட்டிகைகூட ஏறாது. காரணம், கருமருந்துக்கு எஃகுச் சுவரின் உதவி அவ்வளவாகத் தேவையில்லை. திறந்த வெளியிலும் நெருப்பு குருணைக்குக் குருணை தாவி ஓடும். குவியல் முழுவதும் ஒரே நேரத்தில் வெடிக்கக்கூடியது என்ற மிகக் கடுமையான வகையில் அதை வைத்திருக்கிறார்கள். உதிரிப் பிரைமர்களுக்கும் அனுமதியில்லை. கூட்டுக்குள் பொருத்திய பிரைமர் போகலாம், பொட்டலமாகக் கட்டிய பிரைமர் போகக் கூடாது. ஒன்றின் அடி அடுத்ததற்குப் பாயும் என்பதால்.

ஒரு பிரைமர் என்ன செய்யும் என்பதற்கு விமான வரலாற்றில் துயரமான சான்று உண்டு. 1996 மே 11 அன்று மயாமியிலிருந்து அட்லாண்டாவுக்குக் கிளம்பிய வேல்யூஜெட் விமானம் சில நிமிடங்களில் எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து 110 பேர் இறந்தனர். அதன் சரக்கறையில் வேறு விமானங்களிலிருந்து கழற்றிய காலாவதியான ஆக்ஸிஜன் குப்பிகள் இருந்தன. அந்தக் குப்பிகளை இயக்குவது தோட்டாவில் இருப்பதைப் போன்ற ஒரு சிறு பிரைமர்தான். வில்சுருள் ஒன்று விடுபட்டு அதை அடித்தால், உள்ளேயுள்ள சோடியம் குளோரேட் சூடேறிச் சிதைந்து ஆக்ஸிஜனைக் கக்கும். அடிபடாமல் காக்கும் பாதுகாப்பு மூடிகள் பொருத்தப்படவில்லை. காற்றுப் புகாமல் மூடிவைத்தால் தீ தானே அணைந்துவிடும் என்ற நம்பிக்கையில் அமைத்த சரக்கறை அது. தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே தயாரித்துக்கொண்ட தீயிடம் அந்த நம்பிக்கை பொய்த்துப்போனது. அதன் பிறகுதான், அத்தகைய சரக்கறைகளிலும் புகை உணர்த்தியும் தீயணைப்பு வாயுவும் கட்டாயம் என்று 1998-இல் அமெரிக்கா விதி செய்தது.

வெடிமருந்தும் ஆக்ஸிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் பொருள்தான். ஹாலான் என்ற தீயணைப்பு வாயுவைப் பீய்ச்சினால் பெட்டியின் அட்டையில் பிடித்த தீ அணையும். எரியத் தொடங்கிவிட்ட மருந்து அணையாது. அதனால்தான் பக்கத்துத் தோட்டா பற்றிய கேள்வி இவ்வளவு முக்கியமாகிறது. அணைக்க முடியாத தீயென்றால், அது பரவாமலாவது இருக்க வேண்டும்.

இந்தக் கேள்வியில் தோற்றுப்போவது, வேட்டைக்காரரின் பையிலேயே இருக்கும் இன்னொரு அப்பாவிப் பொருள்: தூரம் அளக்கும் கருவிக்கும் டார்ச்சுக்கும் வைத்திருக்கும் உபரி லித்தியம் பேட்டரி. ஒரு பேட்டரி உள்ளே பழுதாகிக் கொதித்தால் அந்தச் சூடு பக்கத்துப் பேட்டரியைக் கொதிக்க வைக்கும். அது அடுத்ததை. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் லித்தியம் பேட்டரிகள் ஏற்றிய சரக்கு விமானம் தீப்பற்றி இரண்டு விமானிகள் இறந்தனர். 2016 ஏப்ரல் முதல் லித்தியம்-அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானங்களில் தனிச் சரக்காக ஏற்றுவதே நிறுத்தப்பட்டது. பயணியின் உபரி பேட்டரி சரக்கறைக்குப் போகக் கூடாது; கைப்பையில்தான் இருக்க வேண்டும், புகைந்தால் ஊழியர் கண்ணில் படுவதற்காக. தோட்டா கீழே, டார்ச் பேட்டரி மேலே!

சரக்கறையின் காற்றழுத்தம் தோட்டாவை ஏதாவது செய்யுமா என்று சிலர் கேட்பதுண்டு. பயணிகள் அறைக்கும் சரக்கறைக்கும் ஒரே அழுத்தம்தான். சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போல. நான்காயிரம் மடங்கு அழுத்தத்தைச் சந்திக்கச் செய்த அமைப்புக்குக் கால் பங்கு குறைவது ஒரு பொருட்டே இல்லை. ஏற்கெனவே அழுத்தத்தை அடைத்து வைத்திருக்கும் பொருளின் நிலை வேறு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் களமிறங்கிய 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வெடிமருந்தே கிடையாது. இருப்பது ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்த உருளை. அதைக் கழற்றி, காலிசெய்து கொண்டுவரும்படி பல விமான நிறுவனங்கள் கேட்கின்றன.

பயணம் துப்பாக்கியை வேறு விதத்தில் பாதிக்கிறது. வால்நட் மரக் கட்டை, ஈரக் காற்றுள்ள ஊருக்குப் போனால் உப்பும். உப்பிய மரம் குழலைப் பக்கவாட்டில் நெருக்கும். நூறு மீட்டருக்கு அப்பால் குண்டு விழும் இடம் மாறிவிடும். குறிபார்க்கும் தொலைநோக்கிக்குள் நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பார்கள், குளிரில் உள்ளே பனி படியாதிருக்க. வெயில் ஊரில் சரிபார்த்த தோட்டா குளிரில் சற்று மெதுவாக எரியும். மலையில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் குண்டு குறைவாகவே தாழும். இத்தனையும் சேர்ந்து குறி தவறினால் காயத்தோடு ஓடும் விலங்குக்குத்தான் கொடுமை. எனவே முகாமுக்குப் போனதும் காகித இலக்கில் சுட்டுப் பார்ப்பது நல்ல வேட்டைக்காரரின் கடமை.

ஆங்கரேஜில் இறங்கியவர்கள் அங்கிருந்து மிதவை கட்டிய சின்ன விமானங்களில் ஏரிகளுக்குப் போகிறார்கள். இப்படிப் பறந்தவர் மறுநாள் அதிகாலை மூன்று மணிவரை பெருவிலங்குகளைப் பொதுவாகச் சுடக் கூடாது என்பது அலாஸ்காவின் விதி. வானிலிருந்து விலங்கைப் பார்த்துவிட்டு இறங்கிச் சுடும் அநியாயத்தைத் தடுக்க வந்தது அது. மிக நல்ல விதி. இந்தச் சின்ன விமானத்தில் துப்பாக்கி விமானிக்குப் பின்னால் சாமான்களோடு கிடக்கும். கடையில் புதிதாக வாங்கிய மிளகாய் ஸ்பிரே மட்டும் பல நேரங்களில் வெளியே, மிதவையோடு போகும். குப்பி கசிந்தால் விமானியின் கண் எரிந்து மூடிக்கொள்ளும். அதன் பிறகு விமானத்தை ஓட்ட ஆள் இல்லை.

திரும்பி வரும்போது சுமை வேறு. இறைச்சி கெடாமலிருக்க உலர்பனி வைப்பார்கள். அதற்கு ஆளுக்கு இரண்டரைக் கிலோ வரம்பு. அவ்வளவும் ஆவியானால் ஏறக்குறைய 1,400 லிட்டர் கரியமில வாயு வெளிவரும். துப்பாக்கிப் பெட்டி இறுகப் பூட்டியிருக்க வேண்டும் என்று சொன்ன அதே விதிப் புத்தகம், உலர்பனிப் பெட்டியை இறுக மூடக் கூடாது, வாயு போக வழி வேண்டும் என்கிறது. மூடினால் பெட்டியே வெடிக்கும். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதே சரக்கறையில் வேட்டை நாயும் கூண்டில் வருகிறது என்றால், ஊழியர்கள் உலர்பனிப் பெட்டியை அந்தக் கூண்டிலிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும்.